நாலு விரல் இறங்கிய கைதாங்கி

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சுகமாக இருப்பீர்கள், அந்த நினைப்பில்தான் என் பொழுது போகிறது. இங்கே நாங்கள் இருவரும் நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், ஆனால் உன் அப்பா தானும் சும்மா இருப்பதில்லை, என்னையும் நிம்மதியாக இருக்கவிடுவதில்லை. இந்த நாலு வரி எழுதுவதற்குள் எத்தனை தடவை எழுந்துபோய் வண்டி ஷெட்டை எட்டிப் பார்த்தேனோ, கையெழுத்து கோணலாக இருந்தால் திட்டாதே.

கண் டாக்டர் சொன்னதைப் போனில் சொன்னேனே, அப்பாவுக்கு வலது பக்கம் வருவது தெரிவதில்லை, இனி வண்டியே ஓட்டக் கூடாது என்று. அங்கே நல்ல பிள்ளையாகத் தலையை ஆட்டிவிட்டு வந்தார். மறுநாளே நம் பழைய பிக்கப் வண்டியின் இரண்டு கதவின் உள்பக்கத்தையும் கழற்றிப் போட்டுவிட்டார். மழைத் தண்ணீர் இறங்கி ஊறிப்போன உள்பலகைகள், நீ சின்ன வயதில் நகத்தால் உரித்த ரெக்ஸின், எல்லாம் குப்பைக்குப் போயிற்று. பழைய பலகையை வைத்து வரைந்து புது பிளைவுட் அறுத்தார், மேலே பஞ்சு வைத்துப் பச்சை ரெக்ஸினை இழுத்து ஒட்டினார். நடுவில் ஒரு நாள் என்னை ஓட்டுகிற இடத்தில் உட்காரவைத்து, கதவு சரியாக மூடுகிறதா பார் என்று சொல்லிவிட்டு, பென்சிலால் என்னமோ கோடு போட்டார். அடுப்பில் பால் இருக்கிறது என்று கத்திவிட்டு இறங்கி வந்தேன். ஓட்டக் கூடாத வண்டிக்கு எதற்கு இந்த அலங்காரம், சொல்லாமல் கொள்ளாமல் எடுத்துக்கொண்டு போய்விடுவாரோ என்று எனக்குப் பயம். சாவியை ஒளித்து வைத்தேன். தினமும் இடம் மாற்றி மாற்றி வைத்ததில் ஒரு நாள் எனக்கே கிடைக்கவில்லை, அது வேறு கதை.

போன வாரம் பலகைகளை மாட்டினார். போய்ப் பார்த்தால் ஓட்டுகிறவர் பக்கத்துக் கதவில் முழங்கை ஊன்றுகிற கைதாங்கி மட்டும் மற்றதைவிட நாலு விரல் கீழே. எனக்குப் பகீரென்றது, பார்வை இவ்வளவு தூரமா போய்விட்டது என்று. முகத்துக்கு நேரே சொல்ல மனசு வரவில்லை. மதியம் அவர் கண்ணயர்ந்ததும் எதிர்வீட்டு மெக்கானிக் தம்பியைக் கூப்பிட்டு, மேலே புதுத் துளை போட்டுச் சரிமட்டமாக மாட்டச் சொன்னேன். அண்ணன் அளவு பார்க்காம வெக்கமாட்டாரு அக்கா, ஒரு வார்த்தை கேட்டுக்குங்க என்று அந்தப் பிள்ளை சொல்லத்தான் செய்தது. நான்தான் முந்திரிக்கொட்டை ஆயிற்றே, நீ போடு தம்பி என்றேன்.

அப்பா எழுந்து வந்து பார்த்ததும் தாம்தூம் என்று குதித்தார். யாருடி இதுல கை வெச்சது, நீ உட்கார்ந்தா முழங்கை எங்க வரும்னு பார்த்துப் பார்த்து வெச்சேனே என்று ஒரே சத்தம். என் முழங்கைக்கு அங்கே என்ன வேலை என்றேன். இனிமே நீதானே ஓட்டணும் என்றார். சொல்லிவிட்டு ஸ்க்ரூடிரைவரைத் தேடுகிற மாதிரி திரும்பிக்கொண்டார். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அதை முன்னாடியே ஒரு வார்த்தை வாயைத் திறந்து சொன்னால் என்ன இந்த மனுஷருக்கு?

கைதாங்கி மறுபடி கீழே இறங்கிவிட்டது. மேலே நான் போட்ட துளைகள் இரண்டும் என்னைப் பார்த்து முழிக்கின்றன. வேறு ரெக்ஸின் ஒட்டலாம் என்றால், இருக்கட்டும், உன் அவசரத்துக்கு அடையாளம் என்கிறார். நீ பள்ளிக்கூடம் போன காலத்தோடு ஸ்டியரிங்கை விட்டவள் நான், இப்போது தினமும் காலி மைதானத்தில் ஓட்டிப் பழகுகிறேன். பக்கத்தில் உட்கார்ந்து இல்லாத பிரேக்கை மிதி மிதியென்று மிதிக்கிறார். எனக்கு இன்னும் படபடப்பு தீரவில்லை, ஆனாலும் நீ வருகிற அன்று ஸ்டேஷனுக்கு நாங்கள்தான் வருவோம், வாடகைக் கார் பேசிவிடாதே.

நேரத்துக்குச் சாப்பிடு, குழந்தைக்குக் காதில் காற்றுப் படாமல் பார்த்துக்கொள். நீங்கள் மூவரும் ஒரு குறையும் இல்லாமல் நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும். ஒன்று மட்டும் மறக்காதே. ரயிலை விட்டு இறங்கியதும் பழக்கதோஷத்தில் ஓட்டுகிற பக்கம் போய் அப்பா என்று நிற்காதே. அவர் உட்கார்ந்திருக்கிற இடது பக்கம் சுற்றி வா, முதலில் அவர் கையைப் பிடித்துக்கொள்.

உன் வரவுக்காக வண்டி பழகும்,
அம்மா