ஊர்வலக் காரும் நம் கடை மெரூன் துணியும்

என் பெரியவனுக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம், அப்பாவின் முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முரண்டு பிடிக்கிறது. நீ நலமா என்று கேட்கக்கூடப் பயமாக இருக்கிறது, நாலைந்து நாளாகப் போனை எடுக்கவில்லையே.

நாட்டின் முதல் தலைவர் ஊர்வலம் போன, உங்கள் அருங்காட்சியகத்துப் பழைய காரில், இருக்கைக் கிழிசலுக்கு அடியில் தாங்கலாக வைத்துத் தைக்க ஒரு துண்டு மெரூன் துணி கேட்டாய், அனுப்பினேன். வினை அங்கேதான் வந்தது. எது வெளியே போனாலும் நம் சீட் கவர் கடை முகவரிச் சீட்டைக் குத்தியே பழகிய கை, மகனுக்குத்தானே என்று பார்க்காமல் அதிலும் குத்திவிட்டது. உன் மேஜையில் அதைப் பார்த்த கொள்முதல் அதிகாரி நேராக நம் கடைக்கே போன் போட்டுவிட்டார், கடைக்காரி உன் அம்மா என்பது தெரியாமல். துணி அசலா ஒத்துப்போகுதும்மா, மொத்த ரோலையும் அனுப்பிடுங்க, பழசைப் பிச்சுப் போட்டுட்டுத் திறப்பு விழாவுக்குள்ள புதுசா அடிச்சுடலாம்னு இயக்குநர் சொல்லிட்டார்னு குஷியாகச் சொன்னார். பார்த்துச் சொல்றேங்கன்னு போனை வைத்துவிட்டேன். முதல் தலைவர் உட்கார்ந்து தேய்ஞ்சதைத்தாம்மா சனம் பார்க்க வருது, அதைப் பிரிச்சா வேலையை விட்டுடுவேன்னு நீ கடைசியாகப் போனில் கத்தியது காதிலேயே நிற்கிறது.

உள்ளதைச் சொல்கிறேன், அந்தக் கார் என் கடை வாசலில் நின்றிருந்தால் நானும் பழசைப் பிய்த்தெறி என்றுதான் சொல்லியிருப்பேன், இத்தனை வருஷம் பிழைத்த பிழைப்பே அதுதானே. ஆனால் உன் வேலை என்ன சட்டையில் ஒட்டிய தூசியா, நினைத்தவுடன் உதற? அம்மா, பெரிய பார்ட்டி, விட்டுடாதேன்னு உன் தம்பி குதித்தான். நீ சும்மா இருடா என்று அவனை அடக்கிவிட்டு, ரோலைத் தையல்காரரிடம் கொடுத்துப் பள்ளிக்கூட வேன் சீட்டுகளுக்கு வெட்டச் சொல்லிவிட்டேன். தலைவர் கார் துணியில நண்டும் சிண்டும் ஏறி மிதிக்கப் போகுதான்னு அவர் சிரித்தார், எனக்குச் சிரிப்பு வரவில்லை. நெய்த ஆலையும் மூடியாயிற்று, இனி அந்த நிறம் எங்கேயும் கிடைக்காது. துணி தீர்ந்துபோச்சுங்கன்னு அதிகாரியிடம் சொன்னேன், அது பொய்யில்லை.

என் கவலை இப்போது வேறு. கடைக்காரி யாரென்று நாளைக்குத் தெரிந்தால், அம்மாவும் பிள்ளையும் சேர்ந்து ஆடிய நாடகம் என்று உன் தலையில்தான் விடியும். வேறு வாயிலிருந்து போவதற்குள் நீயே இயக்குநரிடம் போய், அது எங்கம்மா கடை, வெட்டினது அவங்க, எனக்கே இப்பத்தான் தெரியும்னு சொல்லிவிடு. நின்றுகொண்டு கத்தாதே, உட்கார்ந்து பேசு. திட்ட வேண்டுமென்றால் என்னைத் திட்டட்டும், நம்பரைக் கொடு.

உன் தையலும் நிலைக்கட்டும், வேலையும் நிலைக்கட்டும், நல்லா இரு. கோபமென்றாலும் போனை எடு. உன் தம்பிக்கு ஒன்றையும் மறைக்கத் தெரியாது, அதனால் உன் பதில் வரும்வரை கடைப் போனை நானேதான் எடுப்பேன்.

இப்படிக்கு,
உன் அம்மா