ஐந்தாவது மஞ்சள் அட்டை

ஏப்ரல் 7, திங்கள்

லோர்கனை மேலாளராக அறிவித்துவிட்டார்கள். கால்பந்து கிளப் கூடத்தில் தேநீர், ஹாம் சாண்ட்விச், கைதட்டல். நானும் தட்டினேன். பத்து வருடமாக இங்கே துணைப் பயிற்சியாளர் நான். நான்கு மேலாளர்கள் வந்து போனார்கள். ஒவ்வொரு முறையும் தலைவர், "அடுத்தது நீதான் ஃபெர்கஸ்" என்பார். இந்த முறை அதைக்கூடச் சொல்லவில்லை.

பதினேழு வயதில் நானும் லோர்கனும் ஒரே கப்பலில் இங்கிலாந்துக்கு அணித் தேர்வுக்குப் போனோம். அவனை எடுத்துக்கொண்டார்கள், என்னைத் திருப்பி அனுப்பினார்கள். ஆறு வருடம் அங்கே ஆடினான். அயர்லாந்துக்காக இரண்டு ஆட்டம். அப்புறம் முழங்கால் போயிற்று. டப்ளினில் சிறுவர் அணிகளுக்குப் பயிற்சி கொடுத்துக் கொடுத்தே மேலே வந்தான். நான் இந்தக் கில்டராக் கிளப்புக்காக முந்நூற்று எழுபது ஆட்டம் ஆடியிருக்கிறேன். யார் எண்ணினார்கள்? நான்தான்.

ஏப்ரல் 16, புதன்

பயிற்சி முடிந்ததும் ஆட்டக்காரர்கள் அவனைச் சுற்றி நின்று சிரித்தார்கள். நான் பயிற்சிக் கூம்புகளைப் பொறுக்கினேன்.

ஏப்ரல் 25, வெள்ளி

வெற்றி. கார்னரில் இருந்து வந்த கோல். அந்தத் திட்டம் என்னுடையது! ரேடியோக்காரன் "லோர்கனின் மூளை" என்கிறான்.

"பேட்டியில அவன் உன் பேரைத்தானே சொன்னான், கேக்கலயா?" என்றாள் என் மனைவி ஓர்லா, ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டே.

கேட்டேன். அதனால்தான் வயிறு எரிகிறது. அவன் நல்லவனாக வேறு இருந்து தொலைக்க வேண்டுமா?

மே 8, வியாழன்

போன ஆட்டத்தில் எங்கள் நடுக்கள ஆட்டக்காரன் கீலன் ஐந்தாவது மஞ்சள் அட்டை வாங்கினான். ஐந்து என்றால் ஒரு ஆட்டம் தடை. அட்டைகளை இங்கே யாரும் எண்ணி வைப்பதில்லை. லீகின் அறிவிப்பு எனக்குத்தான் வரும்; மேலாளரிடம் சொல்வது என் வேலை.

"யாராவது தடையில இருக்கானாடா?" என்று லோர்கன் கேட்டான். அதற்குள் ஃபோன் அடித்தது, பேசிக்கொண்டே வெளியே போனான். நான் வாயைத் திறந்திருந்தேன். மூடிக்கொண்டேன்.

மே 9, வெள்ளி, காலை

தடை உள்ளவனை இறக்கினால் ஜெயித்தாலும் புள்ளிகள் போய்விடும். பட்டியலில் கையெழுத்து மேலாளருடையது, தலையும் அவனுடையதுதான் உருளும். 'நான் சொன்னேன், அவன் மறந்துட்டான்' என்றால் யார் மறுக்கப் போகிறார்கள்?

சீ, என்ன புத்தி இது. மாலை பட்டியல் எழுதுமுன் சொல்லிவிடுவேன்.

மே 9, மாலை

எழுதினான். எட்டாம் எண், கீலன். என்னிடம் நீட்டினான். "ஒரு தடவ பாத்துடுடா, கண்ணாடிய வீட்லயே விட்டுட்டு வந்துட்டேன்."

பார்த்தேன். "சரியா இருக்கு" என்றேன்.

இரண்டுக்கு ஒன்று, வெற்றி. இரண்டாவது கோலை அடித்தவன் கீலன். லோர்கன் கொட்டுகிற மழையில் ஓடி வந்து என்னைக் கட்டிப்பிடித்தான்.

மே 14, புதன்

லீகின் கடிதம். மூன்று புள்ளிகளும் போயின. உடைமாற்றும் அறையில் கீலன் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு அழுதான். இவனைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை, ஒரு நிமிஷம்கூட.

மே 19, திங்கள்

நிர்வாகக் குழுக் கூட்டம். "ஃபெர்கஸ் உங்ககிட்ட சொல்லவே இல்லயா?" என்று தலைவர் கேட்டார்.

ஐந்து நாளாகச் சவரக் கண்ணாடி முன் சொல்லிப் பழகியது நாக்கு நுனியில் இருந்தது. லோர்கன் முந்திக்கொண்டான்.

"சொன்னான். வியாழக்கிழமையே சொன்னான். நான்தான் மறந்துட்டேன்."

என் பொய்! அவன் வாயில் அது எவ்வளவு கௌரவமாக இருந்தது!

அங்கேயே ராஜினாமா கொடுத்தான். வெளியே, கார் பக்கத்தில், என் தோளில் கை போட்டான். "மறதி யாருக்கு இல்ல? ஒருத்தன் தலை போனா போதும்டா. நீ இந்த ஊரை விட்டா எங்க போவ?"

மறதி இல்லை லோர்கன், என்று சொல்லியிருக்க வேண்டும். "பாத்து ஓட்டு, ரோடு ஈரமா இருக்கு" என்றேன்.

மே 27, செவ்வாய்

மேலாளர் நான்தான். அவனே சிபாரிசு செய்தானாம். ஓர்லா கேக் வாங்கி வந்தாள். ஒரு வாய்க்கு மேல் இறங்கவில்லை.

ஜூன் 13, வெள்ளி

மதியம் கடற்கரை மைதானம் வழியாக வந்தேன். பத்து வயதுப் பொடிசுகள் இருபது பேர். நடுவே லோர்கன், முட்டி வரை சேறு. காரைப் பார்த்ததும் கையை ஆட்டி, "டேய், கார்னர் திட்டத்த மாத்திடாதடா!" என்று கத்தினான். அவன் வேலை, அவன் நாற்காலி, எல்லாம் என்னிடம் இருக்கிறது. இன்னும் அவன் மேல்தான் பொறாமை.

மாலை பட்டியலை எழுதி முடித்து, சரிபார்க்கச் சொல்லிப் பக்கத்தில் நீட்டினேன். யாரும் இல்லை, துணைப் பயிற்சியாளரை இன்னும் போடவில்லை. நானே மூன்று தடவை பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது.