லேபிள் இல்லாத டப்பா

மார்ச் 4, செவ்வாய்

இன்றும் இவர் தட்டைத் தொடவில்லை. போன தடவை கீமோ மருந்து ஏற்றிக்கொண்டு வந்ததிலிருந்து இதே கதை. “வாசனையே ஆகல, எடுத்துட்டுப் போ” என்றார். அடுப்படியில் நின்றபடி நானே தின்று தீர்த்தேன். தாயும் பிள்ளையுமானாலும் வாயும் வயிறும் வேறுதானே. இவருக்காக நான் தின்ன முடிந்தால் இந்நேரம் இவர் பீப்பாயாக இருப்பார்.

எடை பார்த்த நர்ஸ் உதட்டைப் பிதுக்கியது கண்ணை விட்டுப் போகவில்லை. எடை ஏறாவிட்டால் அடுத்த மருந்து தர முடியாதாம். மருந்து இல்லாவிட்டால் — அதை எழுத மாட்டேன்.

மார்ச் 7, வெள்ளி

நாத்தனார் வந்து இறங்கிவிட்டார். கூடவே ஒரு ஜூஸ் மிஷின், ஒரு கூடை பச்சை இலை. காய்கறியை அடுப்பில் வைத்தால் உயிர் போய்விடுமாம். காய்கறிக்கு. அவர் குடியிருக்கும் பக்கம் பெரிய வீடுகளில் இப்போது யாரும் சமைப்பதே இல்லையாம். அப்படியானால் சமையல்காரிகள் எங்கே போனார்கள் என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது. அடக்கிக்கொண்டேன்.

பிறகு அலமாரியைத் திறந்தார். உள்ளே என் டப்பாக்கள். டப்பாவில் சாப்பாடு அடைக்கும் தொழிற்சாலையில் நாங்கள் மூடி சரிபார்க்கும் பெண்கள். லேபிள் ஒட்டாமல் தப்பியதை வீட்டுக்கு எடுத்துப்போக விடுவார்கள். நசுங்கியதை மட்டும் தொடமாட்டோம்.

“இந்த விஷத்தையா என் தம்பிக்குப் போடற?”

விஷமாம்! இவர்களுடைய அப்பாவும் அதே தொழிற்சாலைதான். அக்காவும் தம்பியும் வளர்ந்ததே இந்த டப்பாவில்தான். திறக்கும் முன் காதோரம் வைத்து ஆட்டி, உள்ளே என்ன என்று சொல்ல வேண்டும். பட்டாணி உருளும், பேரிக்காய் தளும்பும், மீன் மூச்சே விடாது. தப்பாகச் சொன்னவர்தான் முதல் வாய் சாப்பிட வேண்டும், எதுவாக இருந்தாலும். அது அவர்கள் வீட்டுச் சட்டம். கல்யாணமான புதிதில் என்னையும் ஆட்ட வைத்தார் இவர். தோற்றுத் தோற்றே குண்டானேன். இவர் ஒருமுறைகூடத் தோற்றதில்லை.

எல்லா டப்பாவும் குப்பைக்குப் போனது. இவரைப் பார்த்தேன். “அக்கா சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

மார்ச் 9, ஞாயிறு

அரை டம்ளர் பச்சை ஜூஸ் இறங்கியது. நாத்தனார் முகத்தில் ஜெயித்த சிரிப்பு.

பச்சையாக எதுவும் வேண்டாம் என்று டாக்டர் சொன்ன ஞாபகம் வந்தது. ஆனால் இறங்குகிறதே. இத்தனை நாளில் ஏதோ ஒன்று இறங்குகிறதே. நான் வாயைத் திறக்கவில்லை.

மார்ச் 12, புதன்

காய்ச்சல். உடம்பு தூக்கித் தூக்கிப் போடுகிறது. ஆஸ்பத்திரி.

மார்ச் 13, வியாழன்

“பச்சையா குடுக்காதீங்கன்னு சொன்னேனேம்மா? இலையில இருக்கற துளிக் கிருமியைக்கூட இந்த உடம்பு தாங்காது. நல்லா வெந்ததா குடுங்க. டப்பாவுல வர்றது தேவலை. மூடினப்புறம் வேக வைக்கறது அது.” டாக்டர் என்னைப் பார்த்துத்தான் சொன்னார். நியாயம்தான்.

வெளியே பெஞ்சில் நாத்தனார். நாலு வார்த்தை நாக்கைப் பிடுங்குகிற மாதிரி கேட்கத்தான் போனேன். அவர் முந்திக்கொண்டார்.

“ஸ்கூல்ல என்னை ‘டப்பா வீட்டுப் பொண்ணு’ன்னுதான் கூப்பிடுவாங்க. அந்த வாசனை வந்தாலே எனக்கு அந்த ஸ்கூல் பெஞ்ச் ஞாபகம் வந்துடும். அதான் தூக்கிப் போட்டேன்... நான் என் தம்பியைக் கொன்னுட்டேனா?”

“இல்ல அண்ணி. பச்சையா கூடாதுன்னு எனக்குத் தெரியும். நானும் சும்மாதான் இருந்தேன்” என்றேன்.

மார்ச் 17, திங்கள்

காய்ச்சல் விட்டு வீட்டுக்கு வந்தாயிற்று. குழைத்த சோறு, சூப், எதையும் ஒப்புக்கொள்ளவில்லை. ஸ்பூனைக் கொண்டுபோனால் பல்லைக் கடிக்கிறார். கடைசியில், “போதும், விடு” என்றார்.

எது போதும்? எனக்குப் போதலையே. நீ பாட்டுக்குப் போதும்னு சொல்லிட்டா நான் என்ன பண்ணுவேன்? யார்கிட்ட போய் நிப்பேன்?

மார்ச் 20, வியாழன்

வேலைக்குப் போனேன். கண்முன்னால் டப்பா டப்பாவாகச் சாப்பாடு ஓடுகிறது. ஊருக்கெல்லாம் மூடி பார்த்து அனுப்புகிறேன், வீட்டில் ஒரு வாயைத் திறக்க வைக்க முடியவில்லை. பக்கத்தில் நிற்பவள் கண் ஏன் சிவந்திருக்கிறது என்றாள். ஆவி பட்டது என்றேன்.

மார்ச் 23, ஞாயிறு

நாத்தனார் ஒரு பை நிறைய டப்பாவோடு வந்தார். கடையில் வாங்கியது, ஒன்றிலும் லேபிள் இல்லை. எனக்குப் புரியவில்லை. பிறகு அவர் விரலைப் பார்த்தேன். சாயம் பூசிய நகத்துக்குள் காகிதப் பிசிறு, பசை. வெந்நீரில் ஊறப்போட்டு ஒவ்வொன்றாகச் சுரண்டியிருக்கிறார்.

“ஆட்டுடா” என்று ஒன்றை இவர் கையில் வைத்தார்.

தூக்க முடியவில்லை. மணிக்கட்டை நான் தாங்கிக்கொண்டேன். காதோரம் வைத்து ஆட்டினார். தளக் தளக் என்று தளும்பியது. எப்போதும் தோற்கிற எனக்கே தெரிந்துவிட்டது.

இவர் அக்காவைப் பார்த்தார். அப்புறம் என்னை வெகுநேரம் பார்த்தார்.

“மீன்” என்றார்.

நாத்தனார் திறந்தார். பாகில் வெள்ளை வெளேரென்று பேரிக்காய்.

“தோத்துட்டியேடா” என்றார்.

“ஆமா, தோத்துட்டேன்” என்று வாயைத் திறந்தார் இவர்.