துரையின் கழுத்துப் பட்டை

என் செல்ல மகளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எனக்கு உடம்புக்குக் குறை ஒன்றும் இல்லை. அங்கே நீயும் குளிருக்குக் காதைப் போர்த்திக்கொண்டு, வேளைக்குச் சாப்பிட்டு, நன்றாக இருக்க வேண்டும் என்றுதான் தினமும் வேண்டிக்கொள்கிறேன். உடம்புக்குத்தான் குறையில்லை, மனம் நேற்றிலிருந்து பதறிக்கொண்டே இருக்கிறது. துரை எப்படி இருக்கிறான் என்று நேற்றுக் காலை தொலைபேசியில் கேட்டாயே, ராஜா மாதிரி இருக்கிறான் என்றேன், அது பொய். அந்த நேரம் உன் முயல் துரை, கூடையின் மூலையில் முதுகைக் கூனிக்கொண்டு பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டிருந்தான். வலி தாங்காவிட்டால் முயல் அப்படிக் கடிக்குமாம். வாயால் சொல்லத் தைரியம் வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

அவனை என்னிடம் விட்டுப் போகும்போது உன் அண்ணன் சொன்னது உனக்கு நினைவிருக்கும். அம்மாவால தன்னையே பாத்துக்க முடியல, இதுல முயல் வேறயா, வீட்டைப் பூட்டிட்டு எங்ககூட வந்து இருக்கட்டும் என்றான். அம்மா பாத்துப்பாங்க, நீ சும்மா இரு என்று நீதான் அவன் வாயை அடைத்தாய். சென்ற வாரம் விடியற்காலையில் பால் காய்ச்சப் போனவள் பார்க்கிறேன், துரை தலையைக் கால்களுக்கிடையில் விட்டு, தன் பின்புறத்திலிருந்து எதையோ நேராக வாயால் எடுத்து விழுங்குகிறான். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன், பார்த்திருக்க வேண்டாம். கான்வென்ட் பள்ளியில் நகக்கண்ணைப் பார்த்துவிட்டுத்தான் சிஸ்டர்கள் எங்களை வகுப்புக்குள் விடுவார்கள், அப்படி வளர்ந்தவளின் சமையலறையில் இது நடக்கலாமா? அட்டையை வட்டமாக வெட்டி, ஓரத்துக்கு மெத்தென்று துணி வைத்துத் தைத்து, கழுத்தில் மாட்டிவிட்டேன், தலை பின்னால் திரும்பவில்லை. கெட்ட பழக்கத்தை நிறுத்திவிட்டேன் என்று எனக்குப் பெருமை வேறு. நாளுக்கு நாள் இளைத்தான். இளைக்கிறானே என்று பாலில் ஊறவைத்த ரொட்டியைக் கொடுத்தேன், காய்ந்த புல்லை அவன் தொடுவதே நின்றுபோனது. நேற்று கூடையில் ஒரு புழுக்கைகூட இல்லை.

தூக்கிக்கொண்டு ஓடினேன். கால்நடை மருத்துவர் உன் வயதுப் பெண், பட்டையைப் பார்த்ததும் இதை யார் மாட்டினது என்றாள். நான்தான், அசிங்கத்தைத் தின்கிறான் என்றேன். அசிங்கம் இல்லம்மா, அதுவும் அதோட சாப்பாடுதான், அதைப் பிடுங்கிட்டீங்களே என்றாள். பசுவின் இரைப்பையில் நான்கு அறைகள் உண்டு, படம் வரைந்து பள்ளியில் முதல் பரிசு வாங்கியவள் நான் என்று வீம்புக்குச் சொன்னேன். அந்தப் படம் மாட்டுக்குச் சரி, உங்க துரைக்கு இரைப்பை ஒண்ணே ஒண்ணு என்றாள். பிறகு பொறுமையாகத்தான் சொன்னாள். மாட்டுக்குப் புல் புளிக்கும் பை முன்னாலேயே இருக்கிறது, அங்கே நுண்ணுயிர்கள் ஆக்கித் தருகிற சத்து அதற்குப் பின் வரும் சிறுகுடலில் உடம்போடு சேர்ந்துவிடும். முயலுக்கும் குதிரைக்கும் அந்தப் பை சிறுகுடலைத் தாண்டிக் கடைசியில் இருக்கிறது. சத்து உண்டாகும்போது அதை உறிஞ்சும் இடம் கடந்துபோயிருக்கும். குதிரை பெரிய உடம்பு, நாள் முழுவதும் மேய்ந்து சமாளிக்கும். சின்ன முயலுக்கு அது கட்டாது, அதனால் அந்தச் சத்தை மட்டும் மென்மையான கொத்தாக வெளியே விட்டு மறுபடி உள்ளே எடுத்துக்கொள்ளும், உருண்டையான கெட்டிப் புழுக்கை வேறு, அதைத் தொடாது. மாடு அசைபோட்டா லட்சணம்ங்கிறீங்க, முயல் அதே வேலையைச் செஞ்சா அசிங்கமா என்று கேட்டாள். இப்போது ரொட்டியும் சேர்ந்து அவன் வயிற்றின் நல்ல நுண்ணுயிர்கள் செத்துக் குடல் ஓட்டம் நின்றிருக்கிறது, முயலுக்கு வாந்தி எடுக்கவும் வராது. மருந்து போட்டிருக்கிறாள், ஆரோக்கியமான முயலின் மென்புழுக்கையைக் கொண்டுவந்து ஊட்டச் சொன்னாள்.

பின் தெருவில் தையல்கடை வைத்திருப்பவள் முயல் வளர்க்கிறாள். ரவிக்கையில் அரை விரல் கூடிவிட்டது என்று நான் திருப்பி அனுப்பியதிலிருந்து எங்களுக்குள் பேச்சு இல்லை. நேற்று மாலை அவள் வாசலில் போய் நின்று, உன் முயலின் கழிவு கொஞ்சம் வேண்டும் என்றேன். ஏம்மா, என் தையலே ஆகாது, இது மட்டும் ஆகுமா என்று ஒரு குத்து குத்தினாள், ஆனாலும் தன் முயலுக்குத் துரையின் பட்டையை மாட்டச் சம்மதித்தாள். மென்புழுக்கையை அது தின்றுவிடாமல் இருக்க, இன்று காலை வரை மட்டும். விடிந்ததும் கிண்ணத்தோடு அவளே வந்தாள். வெந்நீரில் கரைத்து, ஊசியில்லாத சிரிஞ்சால், துரையின் வாயோரத்தில் என் கையாலேயே ஊட்டினேன், பாதி என் புடவையில்.

புழுக்கை விழ ஆரம்பித்தால் பிழைப்பான், இல்லாவிட்டால் என்னால எதுவும் சொல்ல முடியாது என்றிருக்கிறாள் மருத்துவர். மடியில் துண்டுக்குள் வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். காது குளிர்ந்தால் ஆபத்தாம், வரிக்கு வரி தொட்டுப் பார்க்கிறேன். அவன் போய்விட்டால் உன் முகத்தில் எப்படி விழிப்பேன், உன் அண்ணன் சொன்னதுதான் சரியோ என்று பயமாக இருக்கிறது. சற்றுமுன் மிளகளவு ஒன்று விழுந்தது. விருந்தினருக்கென்று வைத்திருக்கும் வெள்ளைத் தட்டில் அதை எடுத்து வைத்திருக்கிறேன், மாலையில் மருத்துவர் வந்து பார்க்கட்டும். ஒன்று போதுமா என்று தெரியவில்லை.

உன் அண்ணனிடம் எதையும் மறைக்காதே. நீ எந்தக் குறையும் இல்லாமல் நீண்ட நாள் நல்லபடியாக இரு. நான் தொலைபேசியை எடுக்கத் தாமதமானால் வைத்துவிடாதே, மணி அடித்துக்கொண்டே இருக்கட்டும். மடியில் அவன் இருந்தால் நான் சட்டென்று எழுந்து வர முடியாது.

உனக்காகவும் துரைக்காகவும் வேண்டிக்கொண்டிருக்கும்,
உன் அம்மா