மஸ்கட் மாவு

திருவண்ணாமலை
கார்த்திகை, 1983

அன்பு மகன் வர்த்தமானனுக்கு அம்மா கனகலதா ஆசியோடு சொல்லி எழுதுவது. அருகன் அருளால் இங்கே எல்லோரும் நன்றாக இருக்கிறோம், அந்த வெயில் தேசத்தில் நீயும் அப்படியே இருக்க வேண்டும். உன் தங்கை தர்மவதிதான் எழுதுகிறாள், எட்டாவதோடு நின்றாலும் கையெழுத்து முத்து. உன் மகள் சுநந்தா இப்போது நலம், அதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படி.

நீ அனுப்பிய இனிப்புக் கோதுமை மாவு டின்னைக் குழந்தைக்கென்றே வைத்திருந்தோம். உயிர் உண்டாகும் என்று மழை நாளில் மாவைச் சேர்த்து வைக்காத குடும்பம் நம்முடையது. ஆனால் மகன் அனுப்பியதாயிற்றே, கொட்ட மனம் வராமல் ஐப்பசி மழை முழுக்க மூடி வைத்துவிட்டேன். தீபத்துக்கு மறுநாள் உன் மனைவி தனம் அதில் தோசை வார்த்துக் கொடுத்தாள். பிள்ளை சாப்பிட்டு எழுவதற்குள் உதடும் கண்ணும் வீங்கி, உடம்பெல்லாம் தடித்து, மூச்சு இழுக்க ஆரம்பித்துவிட்டது. உன் அப்பா தோளில் போட்டுக்கொண்டு தீபக் கூட்டத்துக்குள் புகுந்து ஓடினார். டாக்டர் ஊசி போட்டதும்தான் மூச்சு சீரானது. கோதுமை ஒத்துக்கலை, இனிமே தராதீங்கன்னு சொல்லிவிட்டார். அங்க எங்க பார்த்தாலும் ரொட்டிதானே அத்தே, இவளைக் கூட்டிக்கிட்டு எப்படிப் போவேன்னு தனம் அழுது, உன்னிடம் வருவதற்காகக் கட்டி வைத்த பெட்டியையும் பிரித்துவிட்டாள்.

தர்மவதி என் காதோடு, போன வாரம்கூட என் தட்டுலேர்ந்து சப்பாத்தி தின்னாளே, ஒண்ணும் ஆகலையேம்மான்னாள். டின் மாவைத் தட்டில் பரப்பி வெயிலில் வைத்தாள். மாவு தானாக நகர்ந்தது. அதை எடுத்துப்போய் டாக்டரிடம் விவரமாகச் சொன்னாள். அவர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து, மாவு எங்கம்மா, இதுல ஒரு ஊரே குடியிருக்குதேன்னு சிரித்தார். பொடிப் பூச்சியாம், சுட்டாலும் சில உடம்புக்கு ஆகாதாம். புதிதாக அரைத்த மாவில் சப்பாத்தி கொண்டுவரச் சொல்லி, தன் எதிரிலேயே துளித்துளியாக ஊட்டிப் பார்த்தார். ஒன்றும் ஆகவில்லை, இன்னும் வேணும்னு கேட்டதாம் உன் பெண்.

அந்த மாவை அடுப்பில் போட மனம் வரவில்லை, அவையும் உயிர்தானே. அப்பா வேங்கிக்கால் பக்கம் புதர் நிழலில் கொட்டிவிட்டு வந்தார். தனம் பெட்டியை மறுபடி கட்டிவிட்டாள், தை பிறந்ததும் வருவார்கள். அங்கேயும் மாவைக் கொஞ்சமாக வாங்கு. பொழுது சாய்வதற்குள் சாப்பிடும் வழக்கத்தை விடாதே. நோய்நொடி இல்லாமல் நீண்ட நாள் வாழ்க.

இப்படிக்கு,
உன் அம்மா

அண்ணா, அம்மா சொல்வதுபோல் நான் ஒன்றும் விவரமாகப் பேசவில்லை. தட்டை டாக்டர் மேசைமேல் வைத்துவிட்டு அண்ணி பின்னால் நின்றுகொண்டேன், அவ்வளவுதான். சுநந்தா கிளம்பும்போது சப்பாத்தி சுட்டுக் கட்டித் தருகிறேன். உங்கள் எதிரிலும் ஒன்று சாப்பிடட்டும். – தர்மவதி