நாற்பத்தேழாம் எண் கன்று

12 நவம்பர் 2006, ஞாயிறு. அல் ஐன், அமீரகம்.

இனவிருத்திக்குக் காளை தேர்ந்தெடுக்கும் எடை வளர்ச்சிச் சோதனைக்குக் காளைக்கன்றுகளை ஏற்றிப் போக இன்று லாரி வந்தது. எட்டு மாதத்துக்கு மேல் வயதிருந்தால் சேர்க்க மாட்டார்கள். தாய், பிறந்த தேதி, பால்குடி மறந்த நாளின் எடை எல்லாம் எழுத்தில் வேண்டும். எங்கள் பண்ணையில் அத்தனையும் சரியாக இருந்தது நான் வளர்த்த நாற்பத்தேழுக்கு மட்டும்தான்.

லாரியில் நின்ற கன்றின் காதில் அந்த எண் இருந்தது. ஆனால் கன்று என்னுடையது இல்லை.

காது எண்ணைக் கழற்றி மாற்றியவன் என் அறையிலேயே இருக்கும் செல்வராஜ்.

"சோதனைக்கு அனுப்பணும்னு முதலாளி மகன் ஆசைப்பட்ட கன்னுண்ணே. அதுக்குப் பத்து மாசம் ஆயிருச்சு. வேற வழி தெரியலை."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேடா."

"கேட்டா விட்டிருக்க மாட்டீங்க."

லாரியோடு வந்த மாட்டு டாக்டர் பதிவேட்டைக் காட்டி, அதே கன்றுதானா என்று என்னிடம் இந்தியில் கேட்டார். இல்லை என்றால் செல்வராஜை ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். அவனை இங்கே கூட்டி வந்ததே நான்தான். ஆமாம் என்றேன். லாரி போய்விட்டது.

சோதனைக்குப் போகாத காளைகள் வியாழக்கிழமை இறைச்சிக்குப் போகும். மாலையில் தீவனம் வைத்தபோது என் கன்று கையை நக்கியது.

செல்வராஜ் எனக்கும் சேர்த்துச் சோறாக்கி மூடி வைத்திருக்கிறான். நான் தொடவில்லை. நாளைக்கும் அவனோடுதான் டூட்டி.