கடைசி வேலை நாள்

6 ஜூலை 2025, ஞாயிறு

நேற்று பெண்டாங்கில் 1–0 ஜெயித்தோம். பத்து அணிகள் ஆடும் கெடா மாநில ஹாக்கி லீக்கில் இரண்டாம் இடம்! ஜனவரியில் எங்கள் கரங்கானிலிருந்து ஒரு புது அணி என்று பெயர் கொடுத்தபோது சிரித்தவர்கள், இப்போது ஆட்டத்துக்கு முன்னால் வந்து கை கொடுக்கிறார்கள். கொடுக்கட்டும்.

ஆனால் எனக்குப் பயமாக இருக்கிறது. நாற்பது பெனால்டி கார்னர் கிடைத்து, கோலானது மூன்று. எல்லாம் தட்டுத்தடுமாறி வந்த வெற்றி. இன்னும் ஐந்து ஆட்டம். முதல் நான்கு இடத்துக்குள் முடித்தால்தான் அரையிறுதி. கோச் காளிதாசன் அண்ணனும் அதையேதான் சொன்னார்: “அடிக்க ஆளு வேணும் தேவகி. இல்லேன்னா நம்ம கதை ஆகஸ்ட்ல முடிஞ்சிரும் லா.”

8 ஜூலை, செவ்வாய்

ஜித்ரா அணி மேனேஜர் போன் செய்தார். அவர்களிடம் தீபன் என்று ஒரு பையன், இருபது வயது. பெனால்டி கார்னரில் பந்தை மட்டையால் இழுத்து வலைக்குள் வீசுவதில் கெட்டிக்காரன். அங்கே அதே வேலைக்கு இன்னொருவர் இருப்பதால் பெஞ்சில் கிடக்கிறான். சீசன் முடியும்வரை அவனைத் தருகிறார்களாம். பதிலுக்கு, தற்காப்பில் நடுவே நிற்க அனுபவமுள்ள ஒரு ஆள் வேண்டுமாம்.

எங்களிடம் அப்படி ஒருவன்தான் இருக்கிறான். புவனேஸ்வரன். கேப்டன். என் தம்பி.

9 ஜூலை, புதன்

நாள் முழுக்க பிறை பேக்டரியில் லைனில் நின்றுகொண்டு இதே யோசனை. புவனுக்கு முப்பத்து நான்கு. முட்டி வீங்குகிறது. திரும்பி ஓட நேரமாகிறது. எல்லாம் உண்மை. எஸ்டேட் வீடுகளிலும் தாமான் குடியிருப்பிலும் கதவு கதவாகத் தட்டி இந்த அணியைச் சேர்த்தவன் அவன் என்பதும் உண்மை. என்னை மேனேஜராக இழுத்து வந்ததே அவன்தான்.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். போன வாரம் சாப்பாட்டுக் கடையில் யாரோ சொன்னது காதில் விழுந்தது. “அக்கா மேனேஜர், தம்பி கேப்டன். காலு ஒடிஞ்சாலும் அவன வெளிய உக்கார வைக்க மாட்டாங்க.” இன்னும் உறுத்துகிறது. அவனை அனுப்பினால் அந்த வாய் அடங்கும்.

இது அணிக்காகவா, எனக்காகவா?

11 ஜூலை, வெள்ளி

வேலை முடிந்து வந்தேன். புவன் வீட்டில்தான் இருந்தான். குலிமில் அவன் ஓட்டும் லோரிக்கு இன்று லீவு. அம்மா வைத்த மீன் குழம்பைப் போட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். நின்றபடியே சொல்லி முடித்தேன். உட்கார்ந்தால் சொல்லியிருக்க மாட்டேன்.

கையைக் கழுவிவிட்டு வந்து கேட்டான். “அக்கா கேக்குறியா, மேனேஜர் கேக்குறாங்களா?”

“மேனேஜர்” என்றேன்.

“அப்ப சரி.”

தட்டில் பாதிச் சோறு அப்படியே இருந்தது. அம்மா தட்டை எடுத்து மூடி வைத்தார்.

14 ஜூலை, திங்கள்

சனிக்கிழமையும் ஜெயித்தோம். கேப்டனாகப் புவனுக்கு அதுதான் கடைசி ஆட்டம்.

ஆள் மாற்றத்துக்கான லீக் சுற்றறிக்கையை மூன்று முறை படித்தேன். எந்த அணி ஆளை எடுக்கிறதோ அந்த அணிதான் அசல் தாளை அலோர் ஸ்டார் லீக் ஆபீசில் நேரில் கொடுக்க வேண்டும். புவன் தாளை ஜித்ராக்காரர்கள் கொடுப்பார்கள், தீபன் தாளை நாங்கள். “ஜூலை மூன்றாம் வாரத்தின் கடைசி வேலை நாள், மாலை நான்கு மணி” வரை. வெள்ளிக்கிழமை லீவு போட்டிருக்கிறேன். காளிதாசன் அண்ணனும் பிறையில்தான் வேலை செய்கிறார். “வெள்ளி நாலு மணிதானே, தாராளமா டைம் இருக்கு லா” என்றார்.

17 ஜூலை, வியாழன்

ஜித்ராக்காரர்கள் புவன் தாளைக் கொடுத்துவிட்டார்களாம். ஒரு நாள் முன்னாலேயே. என்ன அவசரமோ!

18 ஜூலை, வெள்ளி

அலோர் ஸ்டார் ஆபீஸ் பூட்டிக் கிடந்தது. காவலுக்கு இருந்த மலாய்ப் பெரியவர், பக்சிக், என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு ஒரே வார்த்தை சொன்னார். “ஜுமாஅத்.”

வெள்ளி. கெடாவில் வெள்ளியும் சனியும் ஆபீஸ் லீவு; கடைசி வேலை நாள் நேற்றே முடிந்துவிட்டது. பிறந்ததிலிருந்து கெடாவில் இருக்கிறேன். பதினேழு வருஷமாகப் எல்லைக்கு அந்தப் பக்கம் பிறையில், பினாங்குக் காலண்டரில் வேலை செய்து, சனி ஞாயிறு லீவு எடுத்து — என் ஊரில் எந்தக் கிழமை லீவு என்பதே மறந்துபோய்விட்டது. போன வெள்ளிக்கிழமை இந்த நோட்டில் நானே எழுதியிருக்கிறேன், லோரிக்கு லீவு என்று. எழுதிய கைக்கு மூளை இல்லையா? சனியனே, சனியனே.

தாள் கையில்தான் இருந்தது. தீபன் கையெழுத்தும், அதற்குக் கீழே சாட்சியாக அவன் அப்பா கையெழுத்தும்.

ஜித்ரா மேனேஜரைக் கூப்பிட்டுக் கெஞ்சினேன். “பதிவு முடிஞ்சிருச்சு சிஸ்டர். இனி நானே நெனச்சாலும் திருப்ப முடியாது.” தீபனை அவர்கள் விட்டுவிட்டார்கள், நாங்கள் எடுக்கவில்லை. சீசன் முடியும்வரை அவன் யாருக்கும் ஆட முடியாது.

20 ஜூலை, ஞாயிறு

நேற்று 0–4.

24 ஜூலை, வியாழன்

லீக் ஆபீசுக்கு நாங்கள் எழுதிக் கொடுத்த மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்துவிட்டார்கள்.

தீபன் பயிற்சிக்கு வந்தான். தாமான் திடலில் தனியாக ஐம்பது அடி அடித்தான். நாற்பத்தாறு உள்ளே போனது. எண்ணக் கூடாது என்று நினைத்தும் எண்ணினேன். லீக்கில் ஆடுகிறவர்களிலிருந்துதான் மாநில இளையோர் அணிக்கு எடுக்கிறார்கள். அடுத்த வருஷம் அவனுக்கு வயது தாண்டிவிடும். “பரவால்ல அக்கா” என்றான். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

3 ஆகஸ்ட், ஞாயிறு

மூன்று ஆட்டம், மூன்று தோல்வி. நான்காம் இடம். புவன் இருந்த இடத்தில் சசிகுமாரை நிறுத்தினோம். நல்ல பையன், ஆனால் கத்த வராது. பின்னால் நின்று கத்திக்கொண்டே இருந்த ஒரு குரல் எத்தனை கோலைத் தடுத்தது என்று இப்போதுதான் தெரிகிறது.

கடைசி ஆட்டம் ஜித்ராவோடு. சமன் செய்தால் போதும்.

9 ஆகஸ்ட், சனி

0–1.

கடைசி நிமிடத்தில் எங்களுக்கு ஒரு பெனால்டி கார்னர். தீபன் என் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்து, முட்டியைப் பிடித்துக்கொண்டு பார்த்தான். சசிகுமார் அடித்தான். நன்றாகத்தான் அடித்தான். கோட்டில் நின்று மட்டையால் தட்டிவிட்டவன் என் தம்பி. எங்கே வரும் என்று அவனுக்குத் தெரியும், அந்த அடியைச் சொல்லிக்கொடுத்ததே அவன்தான்.

ஐந்தாம் இடம். முடிந்தது.

ஆட்டம் முடிந்து இரண்டு அணியும் வரிசையாகக் கை கொடுத்தார்கள். புவன் எங்கள் பையன்களை ஒவ்வொருவராகக் கட்டிப்பிடித்தான். சசிகுமார் அழுதான். கடைசியாகத் தம்பி என்னிடம் வந்தான். கையை நீட்டினான்.

“தேங்க்யூ, மேனேஜர்.”

பிடித்து ஆட்டினேன். வேறென்ன செய்வது?

2 செப்டம்பர், செவ்வாய்

புவனுக்கு ஜித்ராவிலேயே லோரி வேலை கிடைத்திருக்கிறதாம். அங்கேயே ரூம் எடுத்துவிட்டான். அம்மாவுக்குப் போன் செய்து சொன்னான். நான் அடுப்படியில்தான் நின்றேன். போனை அக்காவிடம் கொடு என்று அவன் சொல்லவில்லை.

11 டிசம்பர், வியாழன்

அடுத்த சீசனுக்கும் ஜித்ரா புவனைக் கேட்டிருந்தது. இந்த முறை நிரந்தரமாக. விடுவிப்புத் தாளை எங்கள் பக்கத்திலிருந்து கொடுக்க வேண்டும், இன்றுதான் கடைசி வேலை நாள். அவன் கையெழுத்து ஏற்கெனவே இருந்தது. கீழே மேனேஜர் என்ற இடத்தில் நான் போட்டேன்.

லீவு எடுத்துக்கொண்டு விடியற்காலையிலேயே கிளம்பினேன். ஆபீஸ் திறந்தபோது வாசலில் முதல் ஆள் நான்தான்.